கியூட் ஆங்கிலத் தாளுக்குத் தயாராவது எப்படி? பிளஸ் டூ முடிக்கும் சென்னை மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் கடைசியில் முடிகிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்பில் சேர எழுதும் கியூட் நுழைவுத்தேர்வு மே நடுவில், கத்திரி வெயில் கொளுத்தும் நாட்களில் தொடங்குகிறது. இடையில் ஆறேழு வாரம்தான். அந்த வாரங்களைப் பெரும்பாலான பிள்ளைகள் பொருளியலுக்கும் வேதியியலுக்கும் கொடுத்துவிட்டு, ஆங்கிலத்தைக் கடைசி மூன்று நாளுக்குத் தள்ளுகிறார்கள். ‘இங்கிலீஷ்தானே, பார்த்துக்கலாம்’ என்ற எண்ணம்தான் காரணம். ஆனால் பொருளியலுக்கு 250 மதிப்பெண் என்றால் ஆங்கிலத்துக்கும் அதே 250. மனப்பாடத்தால் ஏற்ற முடியாத தாள் என்பதால் மூன்று நாளில் அதில் எதுவும் நகராது.

தமிழ் நன்றாகத் தெரிந்த மாணவர் இந்தத் தாளில் செய்யும் தவறுகளில் பல தமிழ் வாக்கிய அமைப்பிலிருந்து வருபவை. எனவே அவற்றைத் திருத்தவும் தமிழ் இலக்கண அறிவே கைகொடுக்கும். ஒவ்வொரு தவறுக்கும் காரணத்தைக் கண்டுபிடித்து எழுதி வைப்பதுதான் இந்த வழிகாட்டி சொல்லும் பயிற்சியின் உயிர். மற்றதெல்லாம் அதற்குத் துணை.

முதலில், தேர்வு எப்படி இருக்கும்

சென்னையில் உள்ள அரசு கலைக் கல்லூரிகளில் சேர பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். டெல்லிப் பல்கலைக்கழகம், ஹைதராபாத்தில் உள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம், திருவாரூரில் இருக்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்குப் போக நினைப்பவர்களுக்குத்தான் கியூட். 2022-இல் தொடங்கிய இந்தத் தேர்வைத் தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது.

2025-இல் முறை மாறியது. முழுத் தேர்வும் கணினியில். ஒரு பாடத்துக்கு 50 கேள்வி, 60 நிமிடம், எல்லாக் கேள்வியும் கட்டாயம். ஒருவர் அதிகபட்சம் 5 பாடங்கள் எழுதலாம். சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறுக்கு 1 கழிவு, விட்டுவிட்டால் பூஜ்யம். மூர் மார்க்கெட்டிலோ மயிலாப்பூர் லஸ் பக்கத்திலோ பழைய வழிகாட்டிப் புத்தகம் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும்: 2025-க்கு முந்தைய பதிப்புகளில் ‘50-இல் 40 எழுதினால் போதும்’ என்றிருக்கும். கேள்விகளைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், நேரக் கணக்கை மட்டும் அதிலிருந்து எடுக்காதீர்கள். அந்தந்த ஆண்டின் தகவல் குறிப்பேட்டை முகமையின் இணையதளத்தில் இறக்கி, ஒருமுறை முழுதாகப் படித்துவிடுவது நல்லது.

பாடத்திட்டம் சிறியது. படித்துப் புரிந்துகொள்ளும் பத்திகள் மூன்று வகை: தகவல் சார்ந்தது, கதை போல நகர்வது, இலக்கியச் சாயல் கொண்டது. அதற்கு வெளியே கலைந்த வாக்கியங்களை வரிசைப்படுத்துதல், பொருத்தமான சொல்லைத் தேர்தல், ஒருபொருள் மற்றும் எதிர்ப்பொருள் சொற்கள், மரபுத்தொடர்கள். பிளஸ் டூ ஆங்கிலத் தாளின் 20 ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கு ஒழுங்காகப் படித்தவருக்கு இதில் ஒரு பகுதி ஏற்கனவே கைவசம் இருக்கிறது.

விண்ணப்பத்தில் ஒரு எச்சரிக்கை, இது நம் ஊருக்கே உரியது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் விரிந்திருக்கும். விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே, புள்ளி, இடைவெளிகூட மாறாமல் பெயரை எழுதுங்கள். ஆதாரில் வேறுபாடு இருந்தால் கடைசி வாரம்வரை காத்திருக்காமல் ஜனவரியிலேயே திருத்த விண்ணப்பியுங்கள்.

படி 1: முதல் நாளே ஒரு முழுத் தேர்வு

படிக்கத் தொடங்கும் முன்பே ஒரு பழைய வினாத்தாளை எடுத்து, கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, 60 நிமிடம் எழுதுங்கள். மதிப்பெண் எவ்வளவு என்பது இப்போது முக்கியமல்ல. தவறாகப் போன ஒவ்வொரு கேள்வியையும் நான்கு காரணங்களில் ஒன்றின் கீழ் எழுதுவதுதான் வேலை: சொல் தெரியவில்லை, வாக்கியம் புரியவில்லை, கேள்வியைத் தவறாகப் படித்தேன், நேரம் போதவில்லை.

இதற்கென்று 100 பக்க நோட்டு ஒன்று போதும். இடப்பக்கம் கேள்வியும் நீங்கள் குறித்த விடையும், வலப்பக்கம் சரியான விடையும் ஒரே வரியில் காரணமும். காரணத்தைத் தமிழில் எழுதுங்கள். ‘கவனக்குறைவு’ என்று மட்டும் எழுதாதீர்கள், அது எதையும் திருத்தாது. ‘கேள்வியில் நாட் என்ற சொல் இருந்ததைப் பார்க்கவில்லை’ என்று எழுதினால் அடுத்த முறை கண் அங்கே நிற்கும். சரியாகப் போனாலும் குருட்டாம்போக்கில் அடித்த விடை இருந்தால் அதையும் எழுதுங்கள். அது அதிர்ஷ்டம், அறிவல்ல.

இரண்டு வாரம் கழித்து நோட்டைப் புரட்டினால் ஏதோ ஒரு காரணம் திரும்பத் திரும்ப வந்திருக்கும். உங்கள் பாடத்திட்டம் அதுதான். தோழியின் நோட்டில் இருப்பது வேறாக இருக்கும். எல்லாருக்கும் ஒரே அட்டவணை கொடுக்கும் பயிற்சி மையங்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

படி 2: வாக்கியத்தில் பயனிலையைப் பிடிப்பது

பத்தி புரியவில்லை என்று சொல்பவர்களிடம் கேட்டால், பெரும்பாலும் சொற்கள் தெரிந்திருக்கும். நீளமான வாக்கியத்தில் யார், என்ன செய்தார் என்பதுதான் நழுவியிருக்கும். காரணம் எளிது. தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வரும், பயனிலை கடைசியில் நிற்கும். ஆங்கிலத்தில் விளக்கம் பெயருக்குப் பின்னால் தொங்கும், பயனிலை நடுவில் எங்கோ ஒளிந்திருக்கும்.

‘தி ரிப்போர்ட் தட் தி கமிட்டி அப்பாயின்டட் பை தி கவர்ன்மென்ட் சப்மிட்டட் லாஸ்ட் வீக் ரிஜெக்ட்ஸ் தி ப்ரபோசல்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வினை போலத் தெரிபவை மூன்று: அப்பாயின்டட், சப்மிட்டட், ரிஜெக்ட்ஸ். தமிழில் சொன்னால் ‘அரசு நியமித்த குழு கடந்த வாரம் அளித்த அறிக்கை அந்த யோசனையை நிராகரிக்கிறது’. ‘நியமித்த’, ‘அளித்த’ இரண்டும் பெயரெச்சங்கள் என்பது தமிழில் உடனே தெரிந்துவிடுகிறது. பயனிலை ‘நிராகரிக்கிறது’ ஒன்றுதான், எழுவாய் ‘அறிக்கை’. ஆங்கில வாக்கியத்திலும் அதே கேள்வியைக் கேளுங்கள்: இதில் எச்சம் எது, முற்று எது?

பயிற்சி இப்படி. தினமும் ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கம் ஒன்று. 1878-இல் சென்னையில் தொடங்கிய தி இந்து இதற்குத் தாராளம். முதல் வாசிப்பில் அகராதியைத் தொடாதீர்கள். பென்சிலால் ஒவ்வொரு வாக்கியத்தின் முற்றுவினைக்கு அடியில் கோடிடுங்கள். ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் தமிழில் ஐந்தாறு சொல்லில் சாரம் எழுதுங்கள். இரண்டாவது வாசிப்பில்தான் தெரியாத சொற்களைப் பார்க்க வேண்டும், அதுவும் ஆறேழுக்கு மேல் வேண்டாம். வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் மொழிபெயர்ப்பது மட்டும் கூடாது. அது வேகத்தைக் கொன்றுவிடும். சாரத்தைத் தமிழில் பிடித்தால் போதும். முதல் வாரம் ஒரு தலையங்கத்துக்கு 40 நிமிடம் ஆகும். மூன்றாம் வாரம் 15 நிமிடத்துக்கு இறங்கவில்லை என்றால் இன்னும் சொல் சொல்லாக மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

வீட்டில் வெயிலும் சத்தமும் தாங்கவில்லை என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது.

படி 3: பத்திக் கேள்விகள், தவறான விடை எப்படி ஏமாற்றுகிறது

முதலில் கேள்விகளை மட்டும், விடைகளைப் பார்க்காமல், 20 நொடியில் மேலோட்டமாகப் படியுங்கள். பிறகு பத்தியை ஒரே மூச்சில் இரண்டரை நிமிடத்தில். அதன் பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் விடை பத்தியின் எந்த வரியில் இருக்கிறது என்று காட்ட முடிய வேண்டும். வரியைக் காட்ட முடியாத விடையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

தவறான விடைகளுக்கு ஒரு ஜாடை உண்டு. பத்தியில் உள்ள சொல்லையே எடுத்துக்கொண்டு பொருளைத் திருப்பியிருக்கும். அல்லது ஆல்வேஸ், நெவர், ஒன்லி போன்ற அடித்துச் சொல்லும் சொல் ஒன்றைச் சேர்த்திருக்கும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது, உண்மையாகவே இருந்தும் பத்தியில் சொல்லப்படாத விடை. 2015 சென்னை வெள்ளத்தைப் பற்றி ஒரு பத்தி வருகிறது என்று வையுங்கள். செம்பரம்பாக்கம் ஏரி திறந்தது, அடையாறு கரை புரண்டது எல்லாம் சென்னைப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பேச்சிலேயே தெரியும். பத்தி மழை அளவைப் பற்றி மட்டும் பேசியிருக்கும். தெரிந்த விஷயம் விடையில் கண்ணில் பட்டதும் கை அதன் மேல் போகும். தெரிந்த தலைப்பு வந்தால் இரட்டைக் கவனம் வேண்டும்.

பொருள் முழுதாகத் திரும்பிவிடும் சில சொற்களை இப்போதே மனதில் பதியுங்கள். ‘ஹார்ட்லி’ வந்தால் கிட்டத்தட்ட இல்லை என்று பொருள், கடினமாக என்பதல்ல. ‘ஃபியூ’ என்றால் ஏறக்குறைய எவருமில்லை, ‘எ ஃபியூ’ என்றால் சிலர் இருக்கிறார்கள். ‘இன்டிஃபரன்ட்’ என்றால் அக்கறையற்ற. வேறுபாடில்லாத என்று எடுத்தால் ஆசிரியரின் தொனியைக் கேட்கும் கேள்வி போயிற்று.

எல்லாவற்றையும்விடச் சிக்கலானது ‘டவுட்’. வகுப்பில் ‘எனக்கு ஒரு டவுட்’ என்றால் ஒரு கேள்வி இருக்கிறது என்று பொருள். ஆங்கிலப் பத்தியில் ‘ஐ டவுட் ஹி வில் கம்’ என்றால் அவர் வரமாட்டார் என்றே நினைக்கிறேன் என்று பொருள். ‘ஐ சஸ்பெக்ட் ஹி வில் கம்’ என்றால் வருவார் என்றே தோன்றுகிறது. தமிழில் இரண்டுக்கும் ‘சந்தேகம்’ என்று ஒரே சொல்லைப் போடுவதால் நேர்எதிரான விடைக்குப் போய்விடுகிறோம்.

படி 4: இலக்கணம், தமிழ் எங்கே இழுக்கிறது

தடித்த இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். தமிழர்கள் வழக்கமாக வழுக்கும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, அவற்றை முதலில் சரிசெய்யுங்கள்.

முதலாவது, முன்னிடைச்சொல், அதாவது ப்ரிபொசிஷன். ‘அதைப் பற்றிப் பேசினோம்’ என்று நினைப்பதால் ‘டிஸ்கஸ்ட் அபவுட்’ என்று எழுதுகிறோம். டிஸ்கஸ் நேரடியாகச் செயப்படுபொருளை ஏற்கும் வினை, அபவுட் வேண்டாம். ‘அவனோடு திருமணம்’ என்பதால் ‘மேரீட் வித்’ வருகிறது. சரியானது ‘மேரீட் டு’. ‘என்னைவிட மூத்தவர்’ என்பதால் ‘சீனியர் தேன்’ என்று தோன்றும். சரியானது ‘சீனியர் டு’. ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், ப்ரிஃபர் எல்லாம் ‘டு’ கட்சிதான். தமிழில் வேற்றுமை உருபு செய்யும் வேலையை ஆங்கிலம் வினையைப் பொறுத்து மாற்றி மாற்றிச் செய்கிறது. ஆகவே வினையையும் அதன் முன்னிடைச்சொல்லையும் ஜோடியாகவே எழுதிப் படியுங்கள். தனியாகப் படித்தால் ஒட்டாது.

இரண்டாவது, இணைப்புச்சொல் இரட்டிப்பது. ‘மழை பெய்தாலும், ஆனால் போனோம்’ என்று தமிழில் யாரும் சொல்வதில்லை, ஆங்கிலத்தில் மட்டும் ‘ஆல்தோ’ போட்டுவிட்டு ‘பட்’டும் போடுகிறோம். ஒன்று போதும். ‘ரிடர்ன் பேக்’, ‘ரிப்பீட் அகெய்ன்’ போன்றவையும் இதே குடும்பம்.

மூன்றாவது, ‘எ’, ‘ஆன்’, ‘தி’. தமிழில் இவை இல்லாததால் காது பழகவில்லை. விதி எழுத்தைப் பொறுத்ததல்ல, ஒலியைப் பொறுத்தது. ‘எ யுனிவர்சிட்டி’, ஏனென்றால் ‘யூ’ என்ற மெய்யொலியில் தொடங்குகிறது. ‘ஆன் ஹவர்’, எச் ஒலிக்காததால். ‘ஆன் எம்.எல்.ஏ.’, ‘எம்’ என்று வாய் திறந்ததும் வருவது உயிரொலி.

நான்காவது, ‘ஒன் ஆஃப் தி’ என்று வந்தால் பின்னால் பன்மைப் பெயர், வினை மட்டும் ஒருமை. இந்த ஒன்றை வைத்தே எத்தனையோ கேள்விகள் வந்துவிட்டன. ‘சின்ஸ்’ தொடங்கிய புள்ளியைச் சொல்லும், ‘ஃபார்’ கால அளவைச் சொல்லும். நோ (அறிதல்), லைக் (விரும்புதல்), ஓன் (உடைமையாகக் கொள்ளுதல்) போன்ற நிலைவினைகள் ‘இங்’ ஏற்காது. தினமும் 20 நிமிடம், ஒரு நாளைக்கு ஒரே ஒரு வழுக்குமிடம், 15 கேள்வி. பத்துப் பன்னிரண்டு நாளில் முடிந்துவிடும்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் இந்தத் தேர்வுக்காகச் சேராதீர்கள். பேச்சு வரும், நல்லதுதான். இந்தத் தாளில் வாயைத் திறக்கும் வேலை இல்லை.

படி 5: சொல்வளம்

3,000 சொல் பட்டியலை வாங்கி முதல் எழுத்திலிருந்து மனப்பாடம் செய்பவர்கள் அந்த எழுத்தைத் தாண்டுவதற்குள் தேர்வு வந்துவிடும். நாளுக்கு 12 சொல், 40 நாள். 480 சொல் உறுதியாகத் தெரிந்தால் போதுமானது. அட்டையின் ஒரு பக்கம் சொல், மறுபக்கம் தமிழ்ப் பொருளும் நீங்களே எழுதிய ஒரு வாக்கியமும். 1, 3, 7, 15-ஆம் நாட்களில் திரும்பப் பாருங்கள். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மின்சார ரயிலில் போகும் ஒரு பயணத்தில் நான்கு நாள் அட்டைகளையும் புரட்டிவிடலாம்.

சொற்களைக் குடும்பமாகச் சேருங்கள். ‘சைட்’ என்று முடிந்தால் கொலை: ரெஜிசைட் அரசனைக் கொல்வது, ஃப்ராட்ரிசைட் உடன்பிறந்தவனைக் கொல்வது, இன்ஃபன்டிசைட் சிசுக்கொலை. ‘க்ரசி’ என்றால் ஆட்சி: ஆட்டோக்ரசி தனி ஒருவர் ஆட்சி, ப்ளூட்டோக்ரசி பணக்காரர் ஆட்சி, தியோக்ரசி சமயத்தின் பெயரால் ஆட்சி. ஒரு சொல்லுக்குப் பதில் நான்கு சொல் கைக்கு வரும்.

குழப்பும் ஜோடிகளுக்குத் தனிப்பக்கம் வையுங்கள். எமினென்ட் என்றால் புகழ்பெற்ற, இம்மினென்ட் என்றால் உடனே நிகழவிருக்கும். மொமென்டரி கணநேரத்துக்கு நிற்பது, மொமென்டஸ் பெருமுக்கியமானது. டிஸ்இன்ட்ரெஸ்டட் என்பவர் நடுநிலையாளர், அன்இன்ட்ரெஸ்டட் என்பவர் ஆர்வமில்லாதவர். காம்ப்ளிமென்ட் என்று ஒரே ஒலியில் இரண்டு சொற்கள் உண்டு: நடுவில் ஐ எழுத்து இருந்தால் பாராட்டு, ஈ எழுத்து இருந்தால் நிறைவு செய்வது.

படி 6: கலைந்த வாக்கியங்கள்

எளிதாக மதிப்பெண் தரும் பகுதி இது. பயிற்சி இல்லாதவர்கள் நான்கு வாக்கியத்தையும் 24 விதமாக அடுக்கிப் பார்த்து நேரத்தை இழக்கிறார்கள். தமிழிலேயே ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

அ. அதனால் நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதிகள் அங்கே வந்து சேர வேண்டும்.
ஆ. எழும்பூரில் கன்னிமாரா என்ற பொது நூலகம் 1896-இல் திறக்கப்பட்டது.
இ. அந்த நூலகம் பின்னர் நாட்டின் நான்கு தேசிய வைப்பு நூலகங்களில் ஒன்றானது.
ஈ. இப்படிச் சேர்ந்த நூல்களைத் தேடி ஆய்வாளர்கள் வருகிறார்கள்.

அதனால், அந்த, இப்படி என்று தொடங்குபவை முதல் வாக்கியமாக முடியாது. பெயரை முழுதாக அறிமுகப்படுத்தும் ‘ஆ’தான் முதல். ‘அந்த நூலகம்’ அதை ஒட்டி வரும். வைப்பு நூலகமானதன் விளைவு ‘அதனால்’. ஆக ஆ, இ, அ, ஈ. ஆங்கிலத்திலும் அப்படியே: ‘எ’ போட்டு அறிமுகமான பொருள் அடுத்த வாக்கியத்தில் ‘தி’ போட்டு வரும், முழுப்பெயர் முதலில் வரும், ஹி, திஸ், சச் பின்னால் வரும். பிரிக்க முடியாத ஒரு ஜோடியைக் கண்டுபிடித்ததும் விடைகளைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு விடை அங்கேயே அடிபட்டுவிடும்.

படி 7: 60 நிமிடத்தைப் பிரிப்பதும், தெரியாத கேள்வியும்

முதலில் பத்தி சாராத தனிக் கேள்விகளை எல்லாம் 20 நிமிடத்துக்குள் முடியுங்கள். சொல் தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் உட்கார்ந்து யோசித்தாலும் வராது. பத்திகளுக்கு 30 நிமிடம். மீதி 10 நிமிடம் குறித்து வைத்தவற்றுக்கு.

நெகட்டிவ் மார்க் பயத்தில் பத்துப் பன்னிரண்டு கேள்வியை விட்டுவிடும் பழக்கம் இங்கே உண்டு. கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள் தரப்பட்டிருக்கும் என்பதால், ஒன்றுமே தெரியாமல் நான்கு கேள்விக்கு அடித்தால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தவறு: 5 கழித்தல் 3, நிகரம் 2. ஒரு விடையை நீக்க முடிந்தால் கேள்விக்குச் சராசரி 1, இரண்டை நீக்க முடிந்தால் 2. எப்படிப் பார்த்தாலும் விட்டுவிடுவதைவிட எழுதுவதே லாபம். ஒரு விடையையாவது நீக்கிவிட்டுக் குறிக்கப் பழகுங்கள், காலியாக எதையும் விடாதீர்கள்.

சட்டம் படிக்க கிளாட் தேர்வும் எழுதுபவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. அங்கே சரிக்கு 1, தவறுக்கு 0.25 கழிவு, குருட்டடியில் லாபம் மிகச் சொற்பம். 120 கேள்வியில் 22 முதல் 26 வரை ஆங்கிலம், சுமார் 450 சொல் கொண்ட பத்திகளை வைத்து. படி 2-உம் 3-உம் அதற்கும் அப்படியே பொருந்தும்.

படி 8: மாதிரித் தேர்வும் தேர்வு நாளும்

ஏப்ரலில் வாரம் இரண்டு, மே மாதத்தில் ஒன்றுவிட்டு ஒரு நாள். மொத்தம் 12, 13 மாதிரித் தேர்வு போதும். அதற்கு மேல் எழுதுவது, தவறு நோட்டுக்கான நேரத்தைத் தின்கிறது. ஒவ்வொரு தேர்வுக்கும் எழுதிய நேரத்தைப் போல இரு மடங்கு, அதாவது இரண்டு மணி நேரம், ஆய்வுக்குக் கொடுங்கள். கைபேசியில் எழுதாதீர்கள். கணினித் திரையில் பத்தியைச் சுட்டியால் நகர்த்திப் படிப்பதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். வீட்டில் கணினி இல்லாவிட்டால் பிரவுசிங் சென்டரில் நாலைந்து முறையாவது எழுதிப் பாருங்கள். இரண்டைப் பிற்பகலில் எழுதுங்கள். உங்களுக்கு எந்த ஷிஃப்ட் விழும் என்பது கையில் இல்லை.

திரையில் ஒரு பொறி இருக்கிறது. விடையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ‘சேவ் அண்ட் நெக்ஸ்ட்’ அழுத்தாமல் பக்கத்திலுள்ள எண் கட்டத்தை அழுத்தி வேறு கேள்விக்குத் தாவினால் அந்த விடை பதிவாகாது. ‘சேவ் அண்ட் மார்க் ஃபார் ரிவ்யூ’ அழுத்தியது திருத்தத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும். முகமையின் பயிற்சித் தேர்வுப் பக்கத்தில் இந்தப் பொத்தான்களை ஒருமுறை கையால் அழுத்திப் பழகுங்கள்.

மையம் நகரத்தின் ஓரத்தில் ஏதோ பொறியியல் கல்லூரியில் விழலாம். முதல்நாளே பேருந்து எண்ணைப் பார்த்துப் போய்வந்துவிடுங்கள், வாயில் மூடிய பிறகு எந்தக் கெஞ்சலும் எடுபடாது. அனுமதிச்சீட்டு, விண்ணப்பத்தில் ஒட்டிய அதே புகைப்படம், அசல் அடையாள அட்டை மூன்றையும் முந்திய இரவே ஒரே உறையில் போடுங்கள். உங்கள் ஷிஃப்டின் தாள் கடினமாக இருந்தால் கலங்க வேண்டாம். வெவ்வேறு ஷிஃப்டுகளின் மதிப்பெண்களை நார்மலைசேஷன் மூலம் ஒப்பிட்டுச் சமன் செய்கிறார்கள். உங்களுக்குக் கடினமென்றால் பக்கத்து நாற்காலிக்கும் கடினம்தான்.

தேர்வுக்குப் பின் தற்காலிக விடைக்குறிப்பும் நீங்கள் பதிந்த விடைகளும் இணையதளத்தில் வரும். ஒரு விடை தவறு என்று கருதினால் கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம், பணம் திரும்பாது. ஆங்கிலத்தில் அகராதிச் சான்றோ பத்தியின் வரியோ கையில் இருந்தால் மட்டும் செய்யுங்கள். அந்த அவகாசம் சில நாள்தான், முடிவு வரும்வரை தினமும் ஒருமுறை இணையதளத்தைப் பாருங்கள்.